எம்.சி.பி. விழுந்தாலும் கோளாறு, விழாவிட்டாலும் கோளாறு: அறிகுறியை வைத்து ஒயரைச் சோதிக்கும் வழி

எம்.சி.பி. என்பது கரண்ட் அளவு மீறினால் தானே அணைந்து (அதைத்தான் 'விழுவது' என்கிறோம்) மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச். ஏப்ரல் பிறந்துவிட்டால் சேலத்தில் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "அண்ணா, ஏசி போட்டா கொஞ்ச நேரத்துல எம்.சி.பி. விழுந்துடுது. 20-ஐ எடுத்துட்டு 32 போட்டுடலாமா?" போடலாம். கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள், மாட்ட ஐந்து நிமிடம் ஆகும். அதற்கப்புறம் எம்.சி.பி. விழவே விழாது. சுவருக்குள் ஒயர்தான் வேகும்.

எம்.சி.பி.யை ஏசிக்கோ மோட்டாருக்கோ காவல் என்று நினைப்பதால் வரும் வினை இது. அது காப்பது ஒயரை. லோடு இழுக்கும் கரண்ட், எம்.சி.பி.யின் அளவு, ஒயர் தாங்கும் கரண்ட் ஆகிய மூன்றும் இதே வரிசையில் சிறிதிலிருந்து பெரிதாக ஏற வேண்டும். வரிசை எந்த இடத்தில் புரண்டிருக்கிறது என்பதைத்தான் கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியிலும் தேடப் போகிறோம்.

வேலையில் இறங்குமுன் ஒன்று. மெயினை அணைத்தால் போதும் என்று, எம்.சி.பி.க்கள் இருக்கும் டி.பி. பாக்ஸைத் திறக்காதீர்கள். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் மெயின் போனாலும் சில ஒயர்களில் 230 வோல்ட் உயிரோடு இருக்கும். இன்வெர்ட்டரையும் அணைத்து, மல்டிமீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். டெஸ்டர் விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் நம்பக் கூடாது. உரிமம் பெற்ற ஒயர்மேன் இல்லையென்றால் பார்ப்பது, மோந்து பார்ப்பது, குறித்து வைப்பது வரைதான் உங்கள் வேலை. மூடியைத் திறப்பது அவர் வேலை. கருவி என்று பார்த்தால் ஒயரை வெட்டாமல் வெளியே கவ்விக் கரண்ட் பார்க்கும் ஒரு கிளாம்ப் மீட்டரும் ஒரு மல்டிமீட்டரும் இருந்தால் முக்கால்வாசிக் கோளாறு பிடிபட்டுவிடும். மிச்சத்துக்கு, ஒயரின் தோல் கசிகிறதா என்று பார்க்கும் மெக்கர் வேண்டும்.

அறிகுறி: பத்து நிமிடமோ அரை மணியோ ஓடிவிட்டு எம்.சி.பி. விழுகிறது

நேரம் எடுத்து விழுந்தால் உள்ளே இருக்கும் பைமெட்டல் தகடு சூடாகி வளைந்திருக்கிறது என்று அர்த்தம். ஷார்ட் என்றால் இவ்வளவு நேரம் காத்திருக்காது. முதலில் லோடு ஓடும்போது கிளாம்ப் மீட்டரைப் பேஸ் ஒயரில் மட்டும் மாட்டிப் பாருங்கள். இரண்டு ஒயரையும் சேர்த்து மாட்டினால் சுழியம்தான் காட்டும். புதிதாக வாங்கியவர்கள் மீட்டர் ரிப்பேர் என்று திருப்பிக் கொடுக்கப் போவது இதனால்தான்.

தரப்படி, எம்.சி.பி. தன் அளவைப் போல 1.13 மடங்கு கரண்டில் ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும், 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். 20 ஆம்ப் எம்.சி.பி. என்றால் 22.6 வரை நிற்கும், 29 போனால் விழும். இடைப்பட்ட அளவில் எப்போது விழும் என்பது அதற்கே வெளிச்சம்.

கிளாம்ப் மீட்டர் 25, 26 என்று காட்டினால் லோடு அதிகம். ஒரே ஒயரில் ஏசியும் கீசரும் இஸ்திரிப் பெட்டியும் தொங்கிக்கொண்டிருக்கும். பிரித்து விடுங்கள். வேறு வைத்தியம் கிடையாது.

மீட்டர் 14, 15 மட்டும் காட்டியும் விழுகிறது என்றால் சந்தேகம் எம்.சி.பி.யின் பக்கம் திரும்ப வேண்டும். எம்.சி.பி.யின் அளவு 30 டிகிரி வெப்பத்துக்குக் குறித்தது. மேற்கு வெயில் படும் சுவரில் தகர டி.பி. பாக்ஸ், உள்ளே எட்டு எம்.சி.பி. தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றால், குறித்த அளவுக்கு முன்பே விழும். பாக்ஸை நிழலுக்கு மாற்றலாம், பெரிய பாக்ஸ் போட்டு இடைவெளி விடலாம். அதற்கு முன்னால் திருகைப் பாருங்கள். டெர்மினல் திருகு தளர்ந்திருந்தால் அந்தச் சூடு பைமெட்டலுக்குப் போய் எம்.சி.பி.யை விழ வைக்கும். இதுவும் ஒரு வகையில் நல்ல காலம்தான். தளர்ந்த இடம் எம்.சி.பி.க்கு எட்டாத தொலைவில் இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அறிகுறி: போட்ட மாத்திரத்தில் விழுகிறது

லோடை எல்லாம் பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டுப் போடுங்கள். அப்போதும் விழுந்தால் ஒயரில் ஷார்ட். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் ஷார்ட் ஆன இடத்தில் ஒரு சின்னப் பட்டாசு வெடிக்கிறது. புதிதாகப் படத்துக்கு ஆணி அடித்தீர்களா, குழாய்க்குச் சுவரைத் துளைத்தீர்களா என்று வீட்டுக்காரரைக் கேட்டால் பாதி நேரம் பதில் கிடைத்துவிடும்.

லோடு இல்லாமல் நின்று, மோட்டார் போட்டால் மட்டும் விழுகிறது என்றால் எம்.சி.பி.யின் வகையைப் பாருங்கள். முகப்பில் அளவுக்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். பி வகை, தன் அளவைப் போல 3 முதல் 5 மடங்கு கரண்டில் உடனே விழும். சி வகைக்கு 5 முதல் 10 மடங்கு, டி வகைக்கு 10 முதல் 20. மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஆகவே மோட்டாருக்கு பி வகை போட்டால் தினமும் சண்டைதான். அதற்காக டி வகைக்குத் தாவவும் கூடாது. ஏன் என்பது மோட்டார் முனகும் அறிகுறியில் வரும்.

அறிகுறி: எம்.சி.பி. விழவே இல்லை, ஆனால் கருகிய நாற்றம்

இதுதான் எனக்குப் பயமான அறிகுறி. விழுந்துகொண்டே இருக்கும் எம்.சி.பி. தொல்லை மட்டும்தான், விழாமல் நிற்பது வீட்டைக் கொளுத்தும். முதல் வேலை மெயினை அணைப்பது. நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று சுவிட்சைப் போட்டுப் போட்டுத் தேட வேண்டாம்.

இதற்கு மூன்று காரணம் உண்டு.

முதலாவது, யாரோ ஏற்கெனவே பெரிய எம்.சி.பி. போட்டிருப்பார்கள். அல்லது பழைய பீங்கான் ஃபியூஸ் கட்டையில் ஃபியூஸ் கம்பிக்குப் பதில் ஒயரின் செம்பு இழையை முறுக்கிக் கட்டியிருப்பார்கள். பைப்பில் ஓடும் 2.5 சதுர மி.மீ. பி.வி.சி. செம்பு ஒயர் 30 டிகிரியில் 24 ஆம்ப் தாங்கும். அப்போது அதன் செம்பு 70 டிகிரியில் இருக்கும். பி.வி.சி. தாங்கும் எல்லை அதுதான். அதற்கு 32 ஆம்ப் எம்.சி.பி. போட்டால் 36 ஆம்ப் வரை மணிக்கணக்கில் விடும். கரண்ட் ஒன்றரை மடங்கு ஆனால் சூடு இரண்டேகால் மடங்கு ஏறும். அதாவது 40 டிகிரி ஏற வேண்டிய இடத்தில் 90 ஏறும். 30-உடன் கூட்டினால் 120. பி.வி.சி. அந்தச் சூட்டில் மெழுகு மாதிரி இளகிவிடும்.

சேலத்தின் குகை, அம்மாபேட்டைப் பகுதிப் பழைய வீடுகளில் இன்னொரு பொறி இருக்கிறது. அங்கே ஒயர் சதுர மி.மீ. கணக்கில் இருக்காது, 1/18, 3/20, 7/20 என்று இழைக் கணக்கு. முதல் எண் எத்தனை இழை, அடுத்தது இழையின் கேஜ் எண். 3/20 ஒயரைக் கண்ணால் பார்த்து 2.5 என்று சொல்லிவிடுவார்கள். அது 2 சதுர மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. 7/20 சுமார் 4.6. தெரியவில்லை என்றால் ஓர் இழையின் குறுக்களவை அளந்து கணக்குப் போடுங்கள்.

இரண்டாவது, எம்.சி.பி. சரி, ஒயரும் சரி, ஆனால் ஒயர் போன பாதை சரியில்லை. இது சேலத்துக்கே உரிய கோளாறு என்பேன். மாடியில் புதிதாக ஓர் அறை கட்டியிருப்பார்கள். அதற்கு ஒயர் மொட்டைமாடித் தரையில் பைப் போட்டுப் போயிருக்கும். 1.5 டன் ஏசிக்கு 8 ஆம்ப், 2 கிலோவாட் கீசருக்கு 8.7, சேர்த்து 16.7. 2.5 ஒயர், 20 ஆம்ப் எம்.சி.பி. ஏட்டுக் கணக்கில் எல்லாம் அழகு. ஆனால் மே மாத வெயிலில் அந்த பைப்புக்குள் 50 டிகிரி இருந்தால் 24 ஆம்ப் என்பது 0.71 மடங்காகக் குறைந்து 17 ஆகிவிடும். அதே பைப்பில் வேறொரு லைனும் ஓடினால் இன்னொரு 0.8. இப்போது கையில் இருப்பது 13.6 ஆம்ப். லோடு 16.7. எம்.சி.பி. 20 என்பதால் அதற்கு எதுவுமே தெரியாது. நாலைந்து கோடை போனதும் ஒயரின் தோல் காய்ந்த முருங்கைக்காய்த் தோல் மாதிரி வெடித்து நிற்கும். இப்படிப்பட்ட பாதைக்கு ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனி 4 சதுர மி.மீ. ஒயர், தனித்தனி பைப், முடிந்தால் வெயில் படாத சுவர். எம்.சி.பி. தலா 16.

40 டிகிரி என்றால் 0.87 மடங்கு, ஒரே பைப்பில் மூன்று லைன் என்றால் 0.7 மடங்கு. இந்த எண்களை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. 1.5 சதுர மி.மீ.க்கு 17.5 ஆம்ப், 4-க்கு 32, 6-க்கு 41 என்ற அடிப்படை அளவுகளையும் சேர்த்து. பூசின சுவரிலோ சுவருக்குள்ளோ பைப்பில் போகும் ஒரு லைனுக்கு இவை. திறந்த வெளியில் கட்டின கேபிளுக்கு வேறு கணக்கு.

மூன்றாவது, தளர்ந்த ஜாயின்ட். கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு தறிக்கூடம். கரண்ட் அதிகம் இல்லை, ஒயர் பெரியது, எம்.சி.பி. சரியான அளவு. ஆனாலும் வாரம் ஒருமுறை கருகின வாசனை. தறிக்காரர், "தம்பி, புது ஒயர் போட்டு ஒரு வருஷம்கூட ஆகல" என்று பில்லை எடுத்துக் காட்டினார். பில்லில் தப்பில்லை. தறி ஓடும்போது சுவரில் கை வைத்துப் பார்த்தேன், அதிர்ந்துகொண்டிருந்தது. அந்த அதிர்வு இரவும் பகலுமாக டெர்மினல் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திவிட்டிருந்தது. 0.1 ஓம் என்பது ஒன்றுமே இல்லாத அளவு மாதிரித் தெரியும். அதன் வழியே 20 ஆம்ப் ஓடினால் 40 வாட் சூடு. ஒரு சால்டரிங் அயர்னை டி.பி. பாக்ஸுக்குள் போட்டு நாளெல்லாம் மூடி வைத்த மாதிரி. வெளியே அந்தப் பாக்ஸின் மேல் விரல் கனத்துக்கு நூல் பஞ்சு படிந்திருந்தது. இந்தச் சூடு எம்.சி.பி.யின் பைமெட்டலுக்கு எட்டாத தொலைவில் இருந்ததால், அது பார்த்தது கரண்டை மட்டும். 20 ஆம்ப் ஓட வேண்டிய இடத்தில் 20 ஆம்ப்தான் ஓடுகிறது, அது ஏன் விழப் போகிறது?

தளர்ந்த ஜாயின்டைக் கண்டுபிடிக்க, முழு லோடு ஓடும்போது அந்த ஜாயின்டின் இரு பக்கமும் மல்டிமீட்டரை வைத்து வோல்ட் பார்க்கலாம். நல்ல ஜாயின்டில் மில்லிவோல்ட்தான் வரும். அரை வோல்ட், ஒரு வோல்ட் வந்தால் அதுதான் திருடன். மூன்று பேஸ் இருந்தால் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தனித்துத் தெரியும். உயிருள்ள பாக்ஸில் செய்யும் வேலை இது, பழக்கமில்லாதவர்கள் தொட வேண்டாம்.

பிடித்த பிறகு திருகை முறுக்கிவிட்டு வந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். கருத்துப்போன செம்பு முறுக்கினாலும் பிடிக்காது. பளபளக்கும் செம்பு வரும் வரை ஒயரை வெட்டித் தள்ளிவிட்டு, இழை ஒயராக இருந்தால் நுனியில் பின் லக் அடித்து மாட்டுங்கள். தறிக்கூடத்தில் மாதம் ஒருமுறை, மின்சாரத்தை நிறுத்தி, திருகுகளைச் சரிபார்த்து, பஞ்சை ஊதிவிட வேண்டும். அலுமினியமும் செம்பும் சேரும் இடத்தில் பைமெட்டல் லக் இல்லாமல் முறுக்கிக் கட்டியிருந்தால் மறுபேச்சே வேண்டாம், பிரித்துவிடுங்கள். ஈரம் பட்டதும் செம்போடு சேர்ந்த அலுமினியம் அரித்துப் போகும்.

அறிகுறி: மோட்டார் முனகுகிறது, விளக்கு மங்குகிறது

இப்போது ஏற்காடு மலைக்கு மேலே போகலாம். அடிவாரத்தில் இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் கணக்கே மாறிவிடுகிறது. ஏற்காட்டில் வெயில் பிரச்சினை இல்லை, கேபிள் குளிர்ந்தே இருக்கும். அங்கே எதிரி தூரம். மீட்டர் ரோட்டோரம், பங்களா மேட்டில், தண்ணீர் மோட்டார் ஓடைக்கரையில், நடுவே சில்வர் ஓக் மரங்களும் காபிச் செடிகளும்.

ஒரு காபித் தோட்டத்தில் 1.5 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார். காலையில் ஓடும், சாயங்காலம் முனகும். காவலாளி, "சார், இது மூணாவது மோட்டார், காயில் போயிருச்சுன்னு சொல்லிக் கட்டிக் கட்டியே காசு போகுது" என்றார். மீட்டர் பக்கம் 210 வோல்ட், மோட்டார் ஓடும்போது அதன் டெர்மினலில் 190. நடுவில் 20 வோல்ட்டை விழுங்கியது 120 மீட்டர் நீளமுள்ள 2.5 சதுர மி.மீ. கேபிள்.

கணக்கு எளிது. சிங்கிள் பேஸில் 2.5 செம்பு, ஓர் ஆம்புக்கு ஒரு மீட்டருக்கு 18 மில்லிவோல்ட் விழுங்கும். 4 என்றால் 11, 6 என்றால் 7.3, 10 என்றால் 4.4. மோட்டாருக்கு 9.4 ஆம்ப். 18-ஐ 9.4-ஆலும் 120-ஆலும் பெருக்கினால் 20 வோல்ட், அதாவது 230-இல் கிட்டத்தட்ட 9 சதவீதம். மோட்டாருக்கு 5 சதவீதத்துக்குள், விளக்குக்கு 3 சதவீதத்துக்குள் நிறுத்த வேண்டும். 4 போட்டால் 12.4 வோல்ட், எல்லையைக் கொஞ்சம் தாண்டும். 6 போட்டால் 8.2, சரி. சூட்டை மட்டும் பார்த்தால் 2.5 ஒயரே தாராளம். அதனால்தான் முதலில் போட்டவர் அதைப் போட்டிருக்கிறார். தூரத்தைக் கேட்க மறந்துவிட்டார்.

மோட்டாரின் இழுவை வோல்ட்டின் வர்க்கத்தோடு குறையும். 230-க்குப் பதில் 190 என்றால் இழுவை மூன்றில் இரண்டு பங்குதான். தண்ணீரைத் தூக்க முடியாமல் முனகும், கரண்ட் அதிகம் இழுக்கும், காயில் வேகும். காயில் கட்டுபவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மீட்டரிலேயே வோல்ட் குறைவாக இருந்தால் உங்கள் கேபிளை எவ்வளவு தடித்துப் போட்டாலும் பாதிதான் தீரும். மீதிக்கு மின்வாரியத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதும்போது எந்த நேரத்தில் எவ்வளவு வோல்ட் என்று ஒரு வாரக் குறிப்போடு கொடுங்கள். "வோல்டேஜ் வரவில்லை" என்று ஒரு வரி எழுதினால் வந்து பார்ப்பவர் காலை பதினொரு மணிக்கு வந்து நல்ல வோல்ட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

நீண்ட கேபிளில் ஒளிந்திருக்கும் இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. அந்த 120 மீட்டர் 2.5 கேபிளின் கடைசியில் ஷார்ட் ஆனால் என்ன நடக்கும்? போக வர 240 மீட்டர், சூடான செம்பில் சுமார் 2.1 ஓம். மின்வாரிய லைனுக்கு அரை ஓம் என்று வைத்தாலும் 90 ஆம்புக்குக் கிட்டத்தான் ஓடும். சி வகை 16 ஆம்ப் எம்.சி.பி. உடனே விழுவது உறுதியாக வேண்டுமென்றால் 160 ஆம்ப் தேவை. ஆக, ஷார்ட் ஆன பிறகும் பைமெட்டல் சூடாகி வளையும் வரை சில விநாடிகள் அந்த இடம் எரிந்துகொண்டிருக்கும். டி வகை போட்டிருந்தால் 320 தேவை, இன்னும் மோசம். 6 சதுர மி.மீ. போட்டதும் ஷார்ட் கரண்ட் 160-ஐத் தொட்டுவிடும். தடித்த கேபிள் வோல்ட்டை மட்டுமல்ல, எம்.சி.பி.யின் வேகத்தையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிறது. மோட்டாரின் காயிலைக் காக்க ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே தனியாக வேண்டும், அதன் குமிழ் மோட்டார் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பில் நிற்க வேண்டும்.

புதைக்கும் கேபிள் என்றால் ஆர்மர் கேபிள், முக்கால் மீட்டர் ஆழம், கீழும் மேலும் மணல், அதன் மேல் செங்கல். பாறை வந்துவிட்டது என்று அரையடியில் புதைத்த கேபிளை மண்வெட்டி கண்டிப்பாகத் தேடி வரும். பாறை உடைக்க முடியாத இடத்தில் ஜி.ஐ. பைப்பில் விட்டு மேலே கான்கிரீட் போட்டுவிடுங்கள்.

அறிகுறி: மழையில், பனியில் மட்டும் ஆர்.சி.சி.பி. விழுகிறது

ஆர்.சி.சி.பி. என்பது கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் வெட்டும் சுவிட்ச். மழையில் அது விழுகிறதென்றால் ஈரம் எங்கோ உள்ளே போகிறது. ஏற்காட்டில் மழையே வேண்டாம், மூடுபனி போதும். கேட் விளக்கு, தோட்டத்து ஜங்ஷன் பாக்ஸ், வெளிச் சாக்கெட், கீசர் எலிமென்ட் என்ற வரிசையில் பாருங்கள்.

எல்லா எம்.சி.பி.யையும் அணைத்து, ஆர்.சி.சி.பி.யை மட்டும் போட்டுவிட்டு, எம்.சி.பி.யை ஒவ்வொன்றாகப் போட்டு வந்தால் எந்த லைன் என்று தெரிந்துவிடும் என்பார்கள். பெரும்பாலும் தெரியும். ஆனால் ஒற்றைத் துருவ எம்.சி.பி. பேஸை மட்டும் வெட்டுகிறது, நியூட்ரல் கட்டையில் இணைந்தே இருக்கிறது. நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொட்டிருந்தால், குற்றமில்லாத வேறு லைனைப் போடும்போதுகூட விழும். அப்படிக் குழப்பினால் நியூட்ரல் ஒயர்களையும் கழற்றி ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். டிவி, எல்.இ.டி., இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெக்கரில் பார்த்தால் ஒரு மெகாஓமுக்குக் கீழே வரும் லைன்தான் குற்றவாளி. கழற்ற மறந்து மெக்கர் சுற்றினால் அந்த வீட்டுக்கு நீங்கள் ஒரு டிவி கடன்பட்டீர்கள்.

வெவ்வேறு ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் இரண்டு லைன் ஒரே நியூட்ரலைப் பகிர்ந்திருந்தாலும் விழும். மாடிப்படி இருவழிச் சுவிட்சில் இது சகஜம். மழை இல்லாத நாளிலும் விழுகிறதென்றால் அங்கிருந்து தொடங்குங்கள்.

ஆர்.சி.சி.பி.யை நேராக இணைத்துத் தாண்டிவிடும் வைத்தியத்தை மட்டும் யாருக்கும் செய்யாதீர்கள்.

அறிகுறி: தொட்டால் ஷாக், ஆனால் எதுவும் விழவில்லை

சேலத்தைச் சுற்றிப் பாறை. எர்த் குழி தோண்டினால் ஐந்தடியில் கல் வந்துவிடும். கோடையில் அந்தக் குழி காய்ந்தும் போகும். எர்த் 20 ஓம் காட்டுகிறது என்று வையுங்கள். கிரைண்டரின் உடம்பில் பேஸ் ஒட்டினால் எர்த் வழியே ஓடுவது 230-ஐ 20-ஆல் வகுத்த 11.5 ஆம்ப். 16 ஆம்ப் எம்.சி.பி.க்கு அது சாதாரண லோடு. விடிய விடிய ஓட விடும், கிரைண்டரின் உடம்பும் விடிய விடிய உயிரோடு இருக்கும். எர்த் இருக்கிறதே என்று நம்பித் தொடுபவர்தான் பாவம்.

30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. இருந்தால் அந்த 11.5 ஆம்பில் முந்நூற்றில் ஒரு பங்குக்குள்ளேயே வெட்டிவிடும். எர்த் ஓம் பெரிதாக வரும் இடங்களில் இதைத் தவிர வேறு வழியே கிடையாது. குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதும், கரியும் உப்பும் மாற்றுவதும் அதற்கு அடுத்த வேலை. எர்த் ஒயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தால் இன்றே பிரித்துவிடுங்கள். குழாய் இப்போது பாதி தூரம் பி.வி.சி.யாக மாறியிருக்கும்.

அறிகுறி: சில விளக்கு பளிச்சென்று, சில விளக்கு மங்கலாக

த்ரீ பேஸ் சர்வீஸ் உள்ள வீட்டில் இது தெரிந்தால் யோசிக்காமல் மெயினை அணையுங்கள். நியூட்ரல் அறுந்திருக்கிறது அல்லது அறுந்துகொண்டிருக்கிறது. லோடு குறைந்த பேஸில் வோல்ட் 300-ஐத் தாண்டி ஏறும். முதலில் போவது எல்.இ.டி., அடுத்து ஃபிரிட்ஜ். எந்த எம்.சி.பி.யும் இதற்கு விழாது. மெயின் ஸ்விட்சின் நியூட்ரல் இணைப்பை ஒயர்மேனை வைத்துப் பாருங்கள். அங்கே இறுக்கமாக இருந்தால் கோளாறு மீட்டருக்கு அந்தப் பக்கம், கம்பத்தில். அங்கே நீங்களோ நானோ ஏறக் கூடாது. மின்வாரியத்துக்குப் போன் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டிலும் இப்படியா என்று கேட்டு வையுங்கள். இரண்டு வீட்டிலும் என்றால் எந்தக் கம்பம் என்று சொல்ல வசதியாக இருக்கும்.